பள்ளிக்கூடத்து அரிசி

செப். 7, திங்கள்

மழை இல்லை. காலையில் மலைப்பக்கம் கறுத்தது, பள்ளி மணி அடிப்பதற்குள் வெளுத்துவிட்டது. கல்வராயன் மலைக்கு இதே வேலை.

அரிசியில் வண்டு. விடிந்ததிலிருந்து அஞ்சலையும் நானும் புடைத்தோம். சத்துணவு அமைப்பாளர் என்று பேர் பெரிதாகத்தான் இருக்கிறது. முக்கால்வாசி நேரம் வண்டோடு குடித்தனம்.

சாப்பிடுகிற பிள்ளைகள் இன்று இன்னும் ஜாஸ்தி. பள்ளியில் பேர் இல்லாத பிள்ளைகளும் தட்டோடு உட்கார்ந்துவிடுகின்றன. தெரியாதது மாதிரி நானும் போட்டுக்கொண்டே போகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள். ஒன்றும் கேட்பதில்லை. நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஜவ்வரிசி மில்லில் மாவு காயவைத்த பெண்கள், மூட்டை தூக்கின ஆட்கள். மில் மூடியதிலிருந்து இப்படி. வடக்கே வாங்க ஆள் இல்லையாம், மூட்டைகள் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கின்றனவாம். முதலாளி சேலத்தில் சௌக்கியம். வயலும் காய்ந்து கிடப்பதால் களை எடுக்கக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

என் வீட்டுக்காரர் அந்த மில்லில் பாய்லர் பார்த்தவர். இப்போது வீட்டில். வேலைக்குப் போகிறவர் மாதிரி தினம் காலையில் முகச்சவரம் மட்டும் தவறுவதில்லை. பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். ஏதாவது கேட்டால் நாய் மாதிரி விழுகிறார்.

வேலியோரம் இன்று செல்வியும். அவருடைய தங்கை. இடுப்பில் மூன்று வயதுப் பெண். நாத்தனார் என்றுதான் பேர், என்னோடு பேச்சு நின்று வருஷங்கள் ஆகின்றன. சமையல் வேலையைத் தனக்கு வாங்கித் தராமல் காலனி அஞ்சலைக்கு வாங்கித் தந்தேன் என்று கோபம். அஞ்சலைக்குப் புருஷன் இல்லை, சமைக்கத் தெரியும். செல்விக்குப் புருஷன் உண்டு, சமைக்கத் தெரியாது. இதில் நான் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

வாங்க: சீயக்காய். கிராம்புத் தைலம் (கடவாய்ப் பல்). செருப்புக்கு ஊக்கு.

செப். 9, புதன்

யூனியன் ஆபீஸிலிருந்து அதிகாரி வந்தார். ஜீப், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சின்னத் துண்டு. அதைக்கொண்டு மூக்கைத் துடைப்பதும் தூசியைத் திட்டுவதுமாக ஒரு மணி நேரம்.

ஒரு பெண் குழந்தை சோற்றைப் பாவாடையில் மடித்துக்கொண்டு நழுவியதைப் பார்த்துவிட்டார்.

"இதெல்லாம் கவனிக்கறது இல்லியாம்மா நீங்க?"

"வூட்டுல தம்பி கீறான் சார். அவனுக்கு எடுத்துக்கினு போவுது."

"அப்படி ரூல் இல்ல. இங்கயே உக்காந்து சாப்பிடணும். மிச்சத்த மாட்டுக்குக் கொட்டணும்."

"மிச்சமே ஆவறது இல்லீங்க. ஊர்ல பஞ்சம் சார்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அந்த வார்த்தைய விடுங்க. வறட்சின்னு சொல்லுங்க. பஞ்சம்னா அரசாங்கத்துக்குக் கெட்ட பேரு. வறட்சின்னா வானத்துக்கு."

அஞ்சலை அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

போகும்போது இளநீர் குடித்தார். மாணிக்கத்தின் தோப்புக் காய். மாணிக்கம் ஊரில் பெரிய கை. வேலி தாண்டி நிற்பவர்களில் பாதிப் பேர் அவர் வயலில் வேலை செய்தவர்கள். அதிகாரியிடம் நிலக் கடனைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டார். ஆகும் என்றார் அதிகாரி. நிலம் இல்லாதவனுக்கு என்று நான் கேட்டேன். ஏரி தூர் வாருகிற வேலை நடக்கிறதே என்றார். நடக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள், வாரத்தில் இரண்டு நாள். கூலி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

செப். 12, சனி

கிராம்புத் தைலத்துக்காகச் சின்னசேலம். பல் பாடாகப் படுத்துகிறது.

ஸ்டேஷன் முன்னால் மூட்டை முடிச்சோடு கூட்டம். சேலம் போய் அங்கிருந்து பெங்களூர். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சு:

"மண்ணு தூக்குனா கூட அன்னன்னிக்கே குடுத்துடறானாம்."

"அங்கியும் ஆளு ஜாஸ்தியாப் பூட்ச்சாம். போன வாரம் போனவன் திரும்பிட்டான்."

"திரும்பி இங்க வந்து இன்னா பண்றானாம்?"



திரும்பி வரும்போது மில் கேட்டில் ரகளை. மலைக்காரர்கள் குச்சிக்கிழங்கைத் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மில் மூடிய சேதி மேலே இவர்கள் ஊருக்குப் போகவே இல்லை. வாட்ச்மேன், "வாங்கறது இல்ல, தூக்கிக்கினு போங்க" என்று கத்துகிறான். ஒரு பெண் சுமையை இறக்கினாள், சும்மாட்டை உதறித் தோளில் போட்டாள். "இத்த மறுக்கா மேல ஏத்த எங்களால முடியாதுப்பா. உங்க மாட்டுக்குப் போட்டுக்குங்க." போய்விட்டாள். பின்னாலேயே மற்றவர்களும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது மில்லுக்குப் போகிற கசப்பு மரவள்ளி. ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைக்காவிட்டால் விஷம். எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நான் தெருமுனை தாண்டுவதற்குள் பாதிக் கிழங்கைக் காணோம். செல்வி முந்தானையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

வருஷக்கணக்கான விரதத்தை நான்தான் முறித்தேன். "நல்லா தண்ணி மாத்தி வேகவை செல்வி."

"தண்ணிக்கு எங்க போவ? உங்க வூட்டுக் கெணத்துல வச்சிக்கினு கீறீங்களா?"

எங்கள் கிணறு சித்திரையிலேயே வற்றிவிட்டது. அது அவளுக்கும் தெரியும். சண்டைக்காகச் சொன்னது.

ஏரி வேலையை நிறுத்திவிட்டார்கள். பணம் தீர்ந்துவிட்டதாம்.

செப். 15, செவ்வாய்

வெயில். பல் பரவாயில்லை.

அவர் சுவரை விட்டு எழுந்துவிட்டார். அதற்குச் சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், கோடாலியைச் சாணை பிடிக்கிறார். எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு வியாழக்கிழமையிலிருந்து சாலை மறியல். மாணிக்கம் வீட்டு வாசலில் கூட்டம், பேச்சு, முழக்கம்.

"மரம் இன்னா பண்ணுச்சி உங்கள?" என்றேன்.

"மரம் ஒண்ணும் பண்ல. ரோட்டுல கெடந்தாதான் மெட்ராஸுக்குக் காது கேக்கும்."

"கேட்டு?"

"மில்லு பூட்ச்சி, கழனி பூட்ச்சி. நம்ம பசங்க படிச்சிட்டு ஆடு மேய்க்கிதுங்க. எவன் வந்து இன்னான்னு கேட்டான்?"

கேட்பது நியாயம்தான். ஆனால் மில் வாசலில் நின்று முதலாளியை ஒரு வார்த்தை கேட்காத ஆட்கள் இவர்கள். அவன் கார் கதவைத் திறந்துவிட்டவர்கள்.

அஞ்சலை பாத்திரம் கழுவும்போது கேட்டாள்: "மறியல்னா எங்க தெருவுக்கு ஒண்ணும் வராதே டீச்சர்?"

வராது என்றேன். எனக்கு என்ன தெரியும்.

செப். 17, வியாழன்

பஸ் இல்லை. கச்சிராயபாளையம் சாலையில் புளிய மரங்கள் குறுக்கே. பள்ளிக்கு லீவு. எட்மாஸ்டருக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை, நேற்றே மூட்டை கட்டிவிட்டார். கிளம்பும்போது, "ஸ்டோர் ரூம் பத்திரம்மா" என்றார். பிள்ளைகள் பத்திரம் என்று சொல்லவில்லை.

லீவு என்று தெரிந்தும் மத்தியானம் பிள்ளைகள் தட்டோடு வந்து வாசலில் உட்கார்ந்தன. விரட்டினேன். வேறு என்ன செய்ய. அதுகள் போகவில்லை, சும்மா தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் நான்தான் கிளம்பி வீட்டுக்கு வந்தேன்.

செப். 18, வெள்ளி

இன்று நடந்ததை எழுத வேண்டும்.

காலையில் செல்வி ஓடி வந்தாள். தோளில் பிள்ளை. தலை தொங்குகிறது, வாயில் நுரை, உதடு நீலம். "அண்ணி, கெழங்கு அண்ணி, கெழங்கு" என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. இருந்த ஒரு செம்புத் தண்ணீரிலேயே வேகவைத்து, பிள்ளை அழுகிறதே என்று அரைவேக்காட்டிலேயே கொடுத்திருக்கிறாள். அவள் புருஷன் பெங்களூரில்.

சின்னசேலம் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பஸ் இல்லை. அஞ்சலையின் அண்ணன் சைக்கிள் எடுத்து வந்தான். கேரியரில் செல்வி, மடியில் பிள்ளை. நான் பின்னால் ஓட்டமும் நடையுமாக.

முதல் மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டோம். இரண்டாவது மரம் இரண்டு பக்கத்துப் பள்ளத்தையும் மூடிக் கிடந்தது. அதன்மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்து, "காலனிப் பையன் சைக்கிள் இந்தாண்ட வரக்கூடாது" என்றான். என்ன ஏது என்று பார்க்கவில்லை.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர். கிளையில் உட்கார்ந்திருந்தவர் தங்கை மடியைப் பார்த்தார். இறங்கி வந்தார். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். சைக்கிளையும் அவரே தூக்கி வைத்தார். அஞ்சலையின் அண்ணன் மறுபடி மிதித்தான். தடுத்தவன் ஒதுங்கிக்கொண்டான்.

பிள்ளை பிழைத்தது. டாக்டர் என்னென்னவோ ஊசி போட்டார். பிறகு செல்வியைப் பார்த்து, "படிச்சுப் படிச்சு சொல்றோம், அந்தக் கிழங்க ஏம்மா தர்றீங்க?" என்று கத்தினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஆளை நான் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். உயிரைக் காப்பாற்றியவனை எப்படிக் கேட்பது.

செப். 19, சனி

ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டேன்.

யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. காலையில் மில் பக்கம் போனேன், மிச்சக் கிழங்கையும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நேற்று நடந்தது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பொறுக்குகிறார்கள். நேரே அஞ்சலை வீட்டுக்குப் போய், "வா, அடுப்பு மூட்டணும்" என்றேன்.

"லீவாச்சே டீச்சர்."

"பெரியவங்களுக்கு."

"வேல பூடும் உங்களுக்கு."

"உனக்கும் பூடும்."

"போவட்டும்" என்று சொல்லிக் கொண்டையை முடிந்துகொண்டு வந்தாள்.

சோறாக வடித்தால் நாளைக்கே தீர்ந்துவிடும். கஞ்சி. யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை, புகை போதும். முதலில் காலனிக்காரர்கள், பிறகு ஊர்ப் பெண்கள், பிறகு தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு சில ஆண்கள். ஊர்க்காரர்கள் வேப்ப மரத்தடியில், காலனி சுவரோரம். நான் பிரிக்கவில்லை. சொல்லாமலே பிரிந்து உட்கார்ந்துகொண்டார்கள். வயிறு ஒட்டிக் கிடக்கும்போதும் எங்கே உட்கார வேண்டும் என்று மட்டும் மறப்பதில்லை.

உப்பு போதவில்லை.

செப். 20, ஞாயிறு

மாணிக்கம் ஆட்களோடு வந்தார். அப்போதுதான் முதல் பந்தி.

"நம்ம பொம்பளைங்க காலனிக்காரி ஆக்குனத குடிக்கிறாளுங்களா?"

"புள்ளைங்க இத்தன வருஷமா அஞ்சலை சோத்தத்தான் தின்னுதுங்க. அப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"அது புள்ளைங்க. அரிசியப் பாதி பிரிச்சிக் குடு. நம்மாளு ஒருத்திய வச்சி நாங்க ஆக்கிக்கிறோம்."

"குடுக்க முடியாதுங்க."

"உன் வூட்டுக்காரன் எங்க கூட ரோட்டுல நிக்கறான். நீ இங்க நின்னுக்கினு எங்களுக்குச் சட்டம் சொல்றியா?"

நான் அகப்பையை விடவில்லை. அவர் என்னைத் தொடவில்லை, அந்த மட்டும் மரியாதை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த ஒரு குண்டாவைக் காலால் தள்ளினார். கஞ்சி மண்ணில் ஓடி அப்படியே உள்ளே போய்விட்டது. மண்ணுக்கும் அவ்வளவு பசி. வேப்ப மரத்தடியிலிருந்து எல்லாரும் எழுந்து போனார்கள். அஞ்சலை குனிந்து குண்டாவை நிமிர்த்தினாள்.

மத்தியானத்துக்கு மேல் பள்ளியின் பின்பக்கம் ஒவ்வொருத்தியாக, முந்தானைக்குள் தூக்குவாளியோடு. காலையில் எழுந்து போன அதே பெண்கள். ஊற்றினேன். பேசினால் என் வாயில் என்ன வருமோ.

செப். 21, திங்கள்

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் வந்தார். தாடி வளர்ந்திருக்கிறது. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மறியல் பண்ணுகிறவர்களுக்கு மாணிக்கம் வீட்டிலிருந்து வந்த சோறும் நின்றுவிட்டதாம்.

"கஞ்சி இன்னும் கீதா?"

ஊற்றினேன். நின்றபடியே குடித்தார். யார் ஆக்கியது என்று கேட்கவில்லை. அஞ்சலைதான் இரண்டாவது தடவை ஊற்றினாள். வாங்கிக்கொண்டார்.

செப். 23, புதன்

அரிசி தீர்ந்தது. மூட்டையைக் கவிழ்த்துத் தட்டினோம். வண்டு மட்டும் விழுந்தது.

போலீஸ் லாரிகள். மரங்களை அறுத்து ஓரம் தள்ளுகிறார்கள். எதிர்ப்பட்டவனையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், மறியலுக்கே போகாத எங்கள் தெரு டைலரையும் சேர்த்து. மாணிக்கம் ஊரில் இல்லை என்று பேச்சு. தன் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறார், பரணில்.

செருப்பு ஊக்கு மறுபடி போயிற்று.

செப். 29, செவ்வாய்

பள்ளி திறந்தாயிற்று. போட அரிசி இல்லை. வெறும் தட்டோடு பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்தன.

யூனியன் ஆபீஸுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கலவரத்தைச் சாக்காக வைத்து அரிசியை வெளியே விற்றுவிட்டேன் என்று புகார். அனுப்பியது யார் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். மாணிக்கம் பரணிலிருந்து இறங்கிவிட்டாராமே.

அதே வெள்ளைச் சட்டை அதிகாரி. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "நீங்க ஆக்கிப் போட்டிருப்பீங்க, நான் நம்பறேம்மா. ஆனா ஊர் ஜனம் வந்து சத்துணவுக் கஞ்சிய குடிச்சாங்கன்னு எழுதினா, ஊர்ல பட்டினி இருந்துச்சின்னு ஆயிடும். அத என்னால எழுத முடியாது. நீங்க வித்துட்டீங்கன்னா எழுதலாம்."

"அதனால நான் திருடியாவணுமா சார்?"

"குடிச்சவங்க பத்துப் பேரு என் எதிர்ல சொல்லட்டும். பாக்கலாம்."

சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். என் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமான சாயங்காலம் இருந்ததில்லை. பின்பக்கம் தூக்குவாளியோடு தினம் வந்தவள், "நான் எங்க டீச்சர் வந்தேன்? எங்க வூட்ல கம்பு இருந்துச்சே" என்கிறாள். இன்னொருத்தி கதவைப் பாதி சாத்திக்கொண்டே, "தின்னேன்னு ஊரு கூட்டத்துல சொல்லணுமா? பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம் டீச்சர், வேணாம்" என்றாள். அவளாவது உண்மையைச் சொன்னாள்.

செல்வி வீட்டுக்குப் போகவில்லை. எதற்கு.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீங்க சொல்வீங்களா?" மறுபடி சுவர்.

அக். 1, வியாழன்

விசாரணை பள்ளி மைதானத்தில். காலையில் லேசாகத் தூறல், தூசி அடங்கக்கூட இல்லை. நாற்காலி, மேசை, சோடா. மாணிக்கம் அதிகாரிக்குப் பக்கத்தில். இந்த ஆளைத் தேடித்தான் போலீஸ் வந்தது. இன்று அதே அரசாங்கம் அவருக்கு நாற்காலி போடுகிறது.

"சத்துணவு அரிசிக் கஞ்சி குடிச்சவங்க கை தூக்கலாம்."

ஒரு கையும் இல்லை. வேப்ப மரத்தில் காக்கை மட்டும்.

பிறகு சுவரோரத்திலிருந்து கைகள். காலனிப் பெண்கள். ஒன்று, இரண்டு, பிறகு எல்லாரும். எனக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. மாணிக்கம் உடனே எழுந்து, "பாத்தீங்களா சார், புள்ளைங்க அரிசிய இந்தம்மா காலனிக்கு மட்டும் அள்ளிக் குடுத்துகீது. ஊர்ல ஒருத்தரும் வாங்கல" என்றார். அதிகாரி எழுத ஆரம்பித்தார். உண்மையைச் சொன்ன கைகள்தான் என் கழுத்துக்கு வந்தன. கை தூக்கிய பெண்கள் மெல்ல இறக்கிக்கொண்டார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டவர்கள் மாதிரி.

கூட்டத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சவரம். என்னைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் செல்வி. பெண்கள் நடுவிலிருந்து பிள்ளையோடு முன்னால் வந்தாள். கத்தவில்லை.

"நான் குடிச்சேன். எம் பொண்ணு குடிச்சிது. காலனிக்கு மட்டும்னு சொல்றாரே, இவரு வூட்டுக் களத்து மேட்டுல கீறவங்க அத்தினி பேரும் பின்னாண்ட வந்து வாங்கினு போனாங்க. எங்க அண்ணன் அதோ நிக்கிது பாருங்க. அதுவும் குடிச்சிது. அஞ்சலை ஊத்த ஊத்தக் குடிச்சிது. நான் கஞ்சி வாங்க வந்தப்ப பாத்தேன்."

எங்கோ ஒரு சிரிப்பு. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் முகம் பாய்லர் வாயில் நின்றவர் மாதிரி ஆயிற்று. இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. திரும்பி மைதானத்தைக் கடந்து நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஊர்ப் பெண்களில் மூன்று பேர் கை தூக்கினார்கள். மூன்றே பேர். மாப்பிள்ளை பார்க்கிறவள் தூக்கவில்லை. அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். மாணிக்கம் சோடாவைக் குடித்தார்.

வீட்டில்:

"ஊரு எதுருல மானத்த வாங்கிட்டீங்க ரெண்டு பேரும்."

"அந்தக் கஞ்சியிலதான் இருந்துச்சா உங்க மானம்? மில்லு வாசல்ல எங்க இருந்துச்சி?"

அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கையைத் தானே பார்த்தார். இறக்கிவிட்டார். அடித்திருந்தால் எனக்கும் சொல்ல இன்னும் கொஞ்சம் இருந்தது.

அக். 2, வெள்ளி

காந்தி ஜெயந்தி. பள்ளியில் கொடி. எட்மாஸ்டர் உண்மையைப் பற்றிப் பேசினார்.

அக். 4, ஞாயிறு

என் வீட்டுக்காரர் பெங்களூர் போய்விட்டார். சின்னசேலம் வரை நடந்தே போய் சேலம் ரயில் ஏறினாராம், போலீஸ் விட்டுத் திரும்பிய டைலர் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. சவரக் கத்தியை எடுத்துப் போயிருக்கிறார், போர்வையை விட்டுவிட்டார். அங்கே குளிருமாம்.

அழவில்லை. கோபம் இருக்கிறவரைக்கும் அழுகை வராது போல.

அக். 8, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. திருட்டு இல்லை. "விதிமுறைக்கு மாறான விநியோகம்." வேலை போயிற்று, அஞ்சலைக்கும். பட்டினி என்ற சொல் எங்கும் இல்லை. எனக்குப் பதிலாக மாணிக்கத்தின் மருமகள். அஞ்சலையிடம் சொல்லப் போனேன். வாடிப்போன கீரைக்கட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உக்காருங்க டீச்சர்" என்றாள். இனி டீச்சர் என்று கூப்பிடாதே என்றேன். "வேற இன்னான்னு கூப்புடறது?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. உட்கார்ந்து நானும் கீரை ஆய்ந்தேன். அவள் வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

மலையில் மழை என்கிறார்கள். இங்கே இல்லை.

அக். 14, புதன்

வெயில். பள்ளி வாசலில் பந்தல், மைக், துணி பேனர்: வறட்சி நிவாரண உணவு மையம். அரசாங்கமே பெரியவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறது. நான் செய்தால் விதிமீறல், அவர்கள் செய்தால் நிவாரணம். கடலூரிலிருந்து பெரிய அதிகாரி வந்து ஒரு அகப்பை ஊற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டார். இந்த வட்டாரத்தில் பட்டினி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மைக்கில் சொன்னார். தட்டோடு நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு கையில் தட்டு இருந்தால் எப்படிக் கை தட்டுவது? தொடையில் தட்டினார்கள்.

போகக்கூடாது என்று நேற்று வரை இருந்தேன். வீட்டில் ஒன்றும் இல்லை. போனேன்.

மூங்கில் கட்டி இரண்டு வரிசை. எது யாருக்கு என்று எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை. ஒரு வரிசையில் அஞ்சலை நின்றிருந்தாள். நான் அவள் பின்னால் போய் நின்றேன்.

மற்ற வரிசையிலிருந்து ஒருத்தி, "டீச்சர், நம்ம வரிசை இந்தாண்ட" என்றாள். கேட்காதது மாதிரி இருந்தேன். மறுபடி சொன்னாள். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த மாணிக்கத்தின் மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அஞ்சலை திரும்பி, மெதுவாக, "போங்க டீச்சர், எதுக்கு வம்பு" என்றாள். என் கால் நகரவில்லை. தைரியம் என்று யாராவது சொன்னால் பொய். அந்த வரிசையில் இருந்த முகங்களைத் திரும்பவும் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். தட்டு என் இடுப்பில் இடித்தது.

"கொஞ்சம் முன்னால நகருங்க அண்ணி. புள்ள மேல வெயில் படுது."

நகர்ந்தேன்.